பி.ஆர். மாநாட்டில் ஒரு மாணவர் எதைக் கேட்க வேண்டும்? கேள்வி பதில்

மக்கள் தொடர்பு (பி.ஆர்.) மாநாடுகளுக்குப் போய்வந்த மாணவர்களும், போகலாமா என்று யோசிப்பவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. ஏஜென்சி வேலையில் இருப்பவள் நான். மாநாட்டு மேடைகளில் பேசியிருக்கிறேன், பேச்சாளர்களைத் தேர்வு செய்யும் குழுவிலும் இருந்திருக்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வந்தேன் அக்கா. வீட்டில் உட்கார்ந்து படித்தால் "நம்பகத்தன்மை முக்கியம்", "கதை சொல்லுங்கள்", "மக்கள் பேச்சைக் கேளுங்கள்" என்றுதான் இருக்கிறது. தப்பு என் மேலா, மாநாட்டின் மேலா?

உங்கள் மேல் இல்லை. பி.ஆர். மாநாட்டு மேடை என்பதே ஒரு பி.ஆர். மேடைதான். நிறுவனத்தின் தகவல் தொடர்புத் தலைவர் ஒருவர் அங்கே பேசுகிறார் என்றால், அவருடைய ஸ்லைடுகளைப் பெரும்பாலும் சட்டப் பிரிவு பார்த்திருக்கும். ஏஜென்சிக்காரர் என்றால் கிளையன்டிடம் ஒப்புதல் வாங்கியிருப்பார். அதனால் பொய் இருக்கும் என்று சொல்லவில்லை. கைவிட்ட முதல் யோசனை, கிளையன்டோடு நடந்த இழுபறி, எதிர்பார்த்து நடக்காமல் போனது, இதெல்லாம் வடிகட்டப்பட்டிருக்கும். மிஞ்சுவது நீங்கள் எழுதிவந்த அந்த மூன்று வரிகள்தான்.

அடுத்த முறை நோட்டில் பக்கத்தை நாலு கட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 1963-இல் ஜான் மார்ஸ்டன் என்ற பி.ஆர். பேராசிரியர் சொன்ன வரிசை உங்கள் பாடத்திலேயே இருக்கும்: ஆராய்ச்சி, செயல், தகவல் தொடர்பு, மதிப்பீடு. ஒவ்வொரு கேஸ் ஸ்டடியையும் கேட்கும்போது அந்தந்தக் கட்டத்தில் எழுதுங்கள். மூன்றாவது கட்டம் வழிந்துவிடும். வீடியோ, பிரபலங்கள், தலைப்புச் செய்திகள் எல்லாம் அங்கேதான் வரும். முதல் கட்டத்தில் ஒரு வரி இருந்தால் அதிர்ஷ்டம். எந்தக் கட்டம் காலியாக இருக்கிறதோ, கேள்வி நேரத்தில் அதைக் கேளுங்கள். "இந்தப் பிரச்சினைதான் பிரச்சினை என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்டால் பல பேச்சாளர்கள் அப்போதுதான் சுவாரசியமாகவே பேச ஆரம்பிப்பார்கள்.

கேள்வி: ஒரு பேச்சாளர், தங்கள் பிரசாரம் பல கோடி மதிப்புள்ள விளம்பரத்தை இலவசமாகப் பெற்றுத் தந்தது என்றார். அரங்கமே கைதட்டியது. என் ப்ராஜெக்ட்டிலும் அப்படிக் கணக்குப் போடலாமா மேடம்?

வேண்டாம். அதற்குப் பெயர் ஏ.வி.இ., அதாவது விளம்பரச் சமமதிப்பு. பத்திரிகையில் உங்களைப் பற்றி வந்த செய்தியின் பரப்பளவை ஸ்கேல் வைத்து அளந்து, அதே இடத்தில் விளம்பரம் போட்டால் என்ன செலவாகும் என்று பெருக்குவது. சிலர் செய்திக்கு நம்பகத்தன்மை அதிகம் என்று சொல்லி, வந்த தொகையை இன்னும் இரண்டு மூன்று மடங்கு ஆக்குவார்கள். ஏன் மூன்று, ஏன் ஐந்து இல்லை என்று கேட்டால் பதில் இருக்காது.

சிக்கல் என்னவென்றால், உங்களைக் கிழித்துத் தொங்கவிட்ட கட்டுரைக்கும் இதே கணக்குப்படி பெரிய மதிப்பு வரும். படித்தவர் யார், படித்த பிறகு என்ன நினைத்தார், எதையாவது செய்தாரா என்பது எதுவும் அந்தத் தொகையில் கிடையாது. 2010-இல் பார்சிலோனாவில் கூடிய அளவீட்டு வல்லுநர்கள் வெளியிட்ட பார்சிலோனா கொள்கைகள், ஏ.வி.இ. என்பது தகவல் தொடர்பின் மதிப்பு ஆகாது என்று பச்சையாகவே சொல்லிவிட்டன. அதன் பிறகும் மேடைகளில் அது உயிரோடு இருப்பதற்குக் காரணம் எளிது: மேலதிகாரிக்குப் பண மதிப்பில் ஒரு எண் வேண்டும், இது அதைச் சுலபமாகக் கொடுத்துவிடுகிறது.

உங்கள் ப்ராஜெக்ட்டுக்கு: தொடங்கும் முன்பே இலக்கை எழுதிவையுங்கள். ரத்த தான முகாமுக்கான பிரசாரம் என்றால், முன்பு எத்தனை பேர் பதிவு செய்தார்கள், பிரசாரத்துக்குப் பிறகு எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் உண்மையில் வந்தார்கள், முகாமைப் பற்றி எங்கே தெரிந்துகொண்டதாகச் சொன்னார்கள். எண்கள் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. கைதட்டு கிடைக்காது, மதிப்பெண் கிடைக்கும்.

கேள்வி: நெருக்கடி மேலாண்மை என்றாலே எல்லோரும் டைலனால் கதையைச் சொல்கிறார்கள். நாலு பேர் பேசினால் மூன்று பேர் அதையே சொன்னார்கள். இன்னும் அதில் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் மேடையில் வழக்கமாகச் சொல்லும் இடத்தில் இல்லை.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1982-இல் அமெரிக்காவின் சிகாகோ வட்டாரத்தில் டைலனால் என்ற வலி மாத்திரை சாப்பிட்ட 7 பேர் இறந்தார்கள். கடைகளில் இருந்த குப்பிகளில் யாரோ சயனைடு கலந்திருந்தார்கள். அதை விற்ற ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் நாடு முழுவதும் சுமார் 3.1 கோடி குப்பிகளைத் திரும்பப் பெற்றது. 10 கோடி டாலருக்கு மேல் செலவு. பிறகு, யாராவது திறந்திருந்தால் காட்டிக்கொடுக்கும் உறையோடு மாத்திரையை மறுபடி சந்தைக்குக் கொண்டுவந்தது, இழந்த சந்தையைப் பெருமளவு மீட்டது. கொன்றவர் யார் என்பது நிரூபிக்கப்படவே இல்லை.

மேடையில் இதை "வெளிப்படையாக இருந்தார்கள், ஜெயித்தார்கள்" என்று முடித்துவிடுவார்கள். ஆனால் முதலில் அந்த நிறுவனம், தங்கள் ஆலையில் சயனைடே கிடையாது என்று செய்தியாளர்களிடம் சொன்னது. பிறகு தரப் பரிசோதனைக்காகக் கொஞ்சம் வைத்திருப்பது தெரியவந்ததும், அதைத் தாங்களே திருத்திச் சொன்னார்கள். எனக்கு இந்த வழக்கில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். முதல் நாள் குழப்பத்தில் தவறான தகவல் வாயிலிருந்து வரத்தான் செய்யும். அதை மறைக்கிறோமா, மாற்றிச் சொல்கிறோமா என்பதில்தான் அடுத்த வாரம் எப்படிப் போகும் என்பது இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த நிறுவனமே அங்கே பாதிக்கப்பட்ட தரப்பு. டிமோதி கூம்ப்ஸ் என்ற ஆய்வாளர் நெருக்கடிகளை மூன்றாகப் பிரிக்கிறார்: நிறுவனமே பாதிக்கப்பட்டது, தற்செயலாக நடந்தது, தடுத்திருக்கக்கூடியது. மூன்றாவது வகையில் மக்கள் நிறுவனத்தின் மேல் வைக்கும் பழியே வேறு. அங்கே டைலனால் பாணியைக் காப்பியடித்தால் எடுபடாது. 2017 ஏப்ரலில் அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானத்திலிருந்து பயணி ஒருவரைத் தரதரவென்று இழுத்துப்போன வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். தலைமை அதிகாரியின் முதல் அறிக்கை, பயணிகளை "மாற்றி அமர்த்த" நேர்ந்ததற்கு வருந்துவதாகச் சொன்னது. ஊழியர்களுக்கு எழுதிய கடிதத்திலோ அந்தப் பயணியையே குறை சொல்லியிருந்தார், அது வெளியே வந்துவிட்டது. அடுத்த நாள்தான் முழுப் பொறுப்பை ஏற்று ஒழுங்கான மன்னிப்பு வந்தது. ஊழியர்களுக்கு ஒன்று, உலகத்துக்கு ஒன்று என்று இரண்டு குரலில் பேச முடியாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்து யாராவது டைலனால் ஸ்லைடு போட்டால், "நிறுவனத்தின் மேலேயே தவறு இருந்தால் இதில் எது மாறும்?" என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: கல்லூரியில் படித்த கோட்பாடுகளுக்கும் மாநாட்டில் கேட்டதற்கும் ஒட்டே இல்லை. அப்படியானால் எதற்குப் படிக்கிறோம்?

மேடையில் கோட்பாட்டின் பெயரைச் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான். குரூனிக், ஹன்ட் என்ற இரண்டு பி.ஆர். ஆய்வாளர்கள் 1984-இல் சொன்ன நாலு மாதிரிகளை எடுத்துக்கொள்ளுங்கள்: வெறும் விளம்பரப் பரபரப்பு, தகவலைச் சொல்வது, மக்களைப் புரிந்துகொண்டு நம் பக்கம் இழுப்பது, கடைசியாக இரு தரப்பும் மாறத் தயாராக இருக்கும் உரையாடல். மாநாட்டில் எல்லோரும் "நாங்கள் மக்களோடு உரையாடினோம்" என்பார்கள். அந்த உரையாடலால் நிறுவனம் தன் பக்கத்தில் எதையாவது மாற்றிக்கொண்டதா என்று மட்டும் தேடுங்கள். மாற்றவில்லை என்றால் அது மூன்றாவது வகை. அதில் தப்பில்லை, பெயர்தான் தப்பு. இதைக் கண்டுபிடிக்கக் கோட்பாடு வேண்டும்.

கேள்வி: "பிரஸ் ரிலீஸ் செத்துப்போச்சு" என்றார் ஒருவர். எங்கள் பாடத்திட்டத்தில் பாதி அதுதான்!

வருஷா வருஷம் யாராவது அதற்குச் சாவு அறிவிப்பு வாசிப்பார்கள். 1906-இல் அமெரிக்காவின் அட்லான்டிக் சிட்டி ரயில் விபத்தின்போது, ஐவி லீ என்ற பி.ஆர். முன்னோடி ரயில் கம்பெனி சார்பில் பத்திரிகைகளுக்குக் கொடுத்த அறிக்கையைத்தான் முதல் பிரஸ் ரிலீஸ் என்பார்கள். அன்றிலிருந்து வடிவம் மாறியிருக்கிறது. நடந்ததை முதல் பத்தியிலேயே தெளிவாகச் சொல்லும் திறமைக்கு வேலை போகவில்லை. கற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு வந்தால் எங்களுக்கு வேலை இருக்குமா?

முதல் வரைவு எழுதுவது, வந்த செய்திகளைத் தொகுப்பது போன்றவை அதன் கைக்கு வேகமாகப் போகின்றன. புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்குக் கொடுக்கும் வேலைகளும் இவைதான், அதனால் உங்கள் பயம் நியாயமானது. கோபத்தில் இருக்கும் செய்தியாளரிடம் பேசுவது, "இதை வெளியிடாதீர்கள் சார்" என்று கிளையன்டிடம் சொல்வது, இந்த மாதிரி இடங்களில் பழகிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நெறிமுறை பற்றிய பேனலில் "வேலைக்காகப் பொய் சொல்ல வேண்டியிருக்குமா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்துவிட்டு மழுப்பினார்கள். நீங்களாவது சொல்லுங்கள் அக்கா.

நல்ல கேள்வி, மழுப்பியது அவர்கள் தப்பு. அப்பட்டமான பொய் சொல்லும்படி கேட்பது அபூர்வம். அதிகம் வருவது வேறு: யார் பணம் கொடுக்கிறார்கள் என்பதை மறைக்கச் சொல்வது. 1929-இல் நியூயார்க் ஈஸ்டர் ஊர்வலத்தில் பெண்கள் பகிரங்கமாகச் சிகரெட் பிடித்தது பெண் விடுதலைச் செய்தியாகப் பத்திரிகைகளில் வந்தது. ஏற்பாடு செய்தவர் பி.ஆர். ஆலோசகர் எட்வர்ட் பெர்னேஸ், பணம் சிகரெட் கம்பெனியுடையது. இன்றைக்கும் சில மேடைகளில் இதை மேதைமை என்று காட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பணம் யாருடையது என்று தெரிந்திருந்தால் வாசகர் அந்தச் செய்தியை வேறு மாதிரிதான் படித்திருப்பார்.

விளைவு இல்லாமலும் போகாது. லண்டனின் பெரிய ஏஜென்சிகளில் ஒன்றான பெல் பாட்டிஞ்சர், தென்னாப்பிரிக்காவில் ஒரு கிளையன்டுக்காக இனப் பகைமையைத் தூண்டும் பிரசாரம் நடத்தியதற்காக 2017 செப்டம்பரில் பிரிட்டனின் பி.ஆர். நிறுவனங்களுக்கான சங்கத்திலிருந்து நீக்கப்பட்டது. கிளையன்டுகள் விலக, அதே மாதம் நிறுவனமே கவிழ்ந்தது. அங்கே வேலை பார்த்த பலருக்கு அந்தப் பிரசாரத்தோடு சம்பந்தமே இல்லை.

இன்டர்வியூவில், "எந்த மாதிரி கிளையன்டை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். ஒரு உதாரணம்கூட வரவில்லை என்றால் யோசியுங்கள்.

கேள்வி: எனக்குக் கூச்ச சுபாவம். இடைவேளையில் எல்லோரும் கூட்டம் கூட்டமாக நிற்கும்போது நான் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

எல்லோரிடமும் பேச வேண்டியதில்லை. பேசி முடித்து இறங்கும் பேச்சாளரை அத்தனை பேரும் மொய்ப்பார்கள், அங்கே போகாதீர்கள். பேனலில் குறைவாகப் பேசியவரைப் பிடியுங்கள். அவரிடம் சொல்லாமல் விட்டது நிறைய இருக்கும், கேட்க ஆளும் இருக்காது. வேலை கேட்டுத் தொடங்காமல், அவர் சொன்ன ஒரு விஷயத்தைப் பிடித்துத் தொடங்குங்கள்.

கேள்வி: கட்டணம் கட்டுப்படியாகவில்லை சார். கடன் வாங்கியாவது போகலாமா?

சார் இல்லை, அக்கா! கடன் வாங்காதீர்கள் தம்பி. மாணவர் கட்டணம் தனியாக உண்டா என்று கேளுங்கள், அப்புறம் தன்னார்வலர் தேவையா என்று அமைப்பாளர்களுக்கு எழுதுங்கள். பெரும்பாலும் தேவைப்படும். பதிவு மேசையில் நின்றால் சில அமர்வுகள் கைவிட்டுப் போகும். ஆனால் பேச்சாளர் விமானம் தாமதமாகி, மைக் வேலை செய்யாமல், விருந்தினர் பெயர்ப் பலகையில் எழுத்துப் பிழை வந்து, அதை ஏற்பாட்டுக் குழு எப்படிச் சமாளிக்கிறது என்று பக்கத்தில் நின்று பார்க்கலாம். டிக்கெட் வாங்கியவர்களுக்கு அது கிடைக்காது.

கேள்வி: மாநாட்டில் பார்த்தவர்களுக்கு லிங்க்ட்இன்னில் என்ன எழுதுவது? "உங்கள் பேச்சு அருமை" என்று அனுப்பினால் யாரும் பதில் போடவில்லை.

எல்லோரும் அதையே அனுப்புகிறார்களே! அவர் சொன்னதில் ஒன்றை எடுத்து, அதை வைத்து நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். "நீங்கள் சொன்ன மாதிரி எங்கள் கல்லூரி விழா பிரசாரத்துக்கு முன்பும் பின்பும் கேள்வித்தாள் கொடுத்தோம். பின்பு கொடுத்ததைப் பாதிப் பேர் நிரப்பவில்லை. இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்?" இவ்வளவு போதும். ஐந்து வரிக்கு மேல் வேண்டாம், பயோடேட்டாவை இணைக்க வேண்டாம். மாநாடு முடிந்த அன்றே அனுப்பாமல் பத்துப் பதினைந்து நாள் கழித்து அனுப்புங்கள். அதற்குள் செய்து பார்க்க உங்களுக்கும் நேரம் கிடைக்கும், அவருடைய இன்பாக்ஸும் கொஞ்சம் காலியாகியிருக்கும்.