தரை வரை கர்ணம் போடும் ரோலர் புறாக் குஞ்சு

இன்றிலிருந்து பத்து நாள் அதைப் பறக்க விடாதீர்கள். உங்கள் 4 மாத ரோலர் புறாக் குஞ்சு (பறக்கும்போதே பின்பக்கமாகக் கர்ணம் போட்டு உருளும் இனம்), கர்ணத்தை நிறுத்த முடியாமல் கூரை உயரம் வரை இறங்குகிறது என்கிறீர்கள். அடுத்த முறை தரையில் மோதினால் பிழைப்பது கஷ்டம்.

இளசுகளுக்கு உருளும் வேகம் முதலில் வந்துவிடும், அடக்கும் பக்குவம் பிறகுதான் வரும். தினமும் விட்டால் இந்த அடங்காத உருளல் அதிகமாகும்.

மார்பெலும்பைத் தடவிப் பாருங்கள். கத்தி முனை போலத் துருத்தினால் தீனி போதவில்லை. கொஞ்சம் பட்டாணி சேருங்கள். பத்து நாள் கழித்து, வாரம் இரண்டு முறை, காற்றில்லாத காலையில் மட்டும் விடுங்கள். கர்ணம் முடிந்ததும் இறக்கையைப் படக்கென்று விரித்து, மேலேறிக் கூட்டத்தோடு சேர்கிறதா? சேர்ந்தால் நம்பிக்கை உண்டு. இறகு உதிர்க்கும் காலத்தில் கூண்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

ஜோடி சேர்க்க அவசரம் வேண்டாம். இப்படி உருள்வது பரம்பரையாக வரும் குணம். ஒரு வயதில் நிதானப்பட்டால், குறைவாகவும் சுத்தமாகவும் உருளும் புறாவோடு சேருங்கள். ஆழமாக உருளும் இரண்டைச் சேர்க்கவே கூடாது. அப்போதும் தரைக்கு வந்தால் குஞ்சு எடுக்காதீர்கள், பாவம், அந்தக் குஞ்சுகளும் விழும்.

ஒன்று மட்டும்: கூண்டுக்குள்ளேயே கழுத்து முறுக்கி, எச்சம் தண்ணீராகப் போனால் அது கர்ணமே இல்லை, நோய். உடனே தனியே பிரித்து, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.