போதைப்பொருளைக் குற்றமில்லை என்று விட்ட போர்ச்சுகலில் போலீசுக்கு என்ன வேலை?

நிறைய வேலை இருக்கிறது. விற்பவருக்கும் கடத்துபவருக்கும் அங்கே இன்றும் சிறைதான். 2001 ஜூலையில் மாறியது ஒன்றுதான்: சொந்த உபயோகத்துக்கு 10 நாள் அளவுக்குள் (ஹெராயின் என்றால் 1 கிராம்) வைத்திருந்தால் கிரிமினல் வழக்கு கிடையாது. போலீஸ் பொருளைப் பறிமுதல் செய்துவிட்டு, ஆளை மூன்று பேர் கொண்ட குழுவிடம் அனுப்பும். சட்டம், மருத்துவம், சமூகப்பணி தெரிந்தவர்கள் மேசைக்கு எதிரே உட்கார வைத்துப் பேசுவார்கள். அடிமையானவர் என்றால் சிகிச்சைக்கு வழிகாட்டுவார்கள். மற்றவருக்கு அபராதம் விதிக்கலாம், பெரும்பாலும் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள்.

என்னைக் கேட்டால், பலன் தந்தது சட்டம் மட்டுமில்லை. மெத்தடோன் (ஹெராயினுக்கு மாற்றாகத் தரும் மருந்து), சுத்தமான ஊசி, சிகிச்சை மையம் எல்லாவற்றுக்கும் அரசு காசு ஒதுக்கியது. ஊசி வழியே பரவிய எச்ஐவி பெருமளவு குறைந்தது அதனால்தான். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலமும் 2021இல் இதேபோல் குற்றமில்லை என்று மாற்றியது; ஆனால் 100 டாலர் அபராதச் சீட்டோடு நிறுத்திக்கொண்டது, சிகிச்சைக்கான பணம் தாமதமாக வந்தது. 2024இல் மறுபடியும் குற்றமாக்கிவிட்டார்கள்.