சேதி முதலில் யாருக்கு?

அன்புள்ள ஐயா,

1990களின் கடைசியில் எங்கள் பாடசாலைக்கு முதல் கம்பியூட்டர் வந்தது. தூசு படாமல் துணியால் மூடி வைத்தோம். அது ஒருவரையும் கெடுக்கவில்லை. அதை வயர் போட்டு உலகத்தோடு தொடுத்த பிறகுதான் வினை. அடுத்த வீட்டுச் சங்கதி லண்டனிலிருந்து தெரியவருகிறது. இரண்டு கிழமைக்கு முன் என் அக்காவின் செத்தவீட்டில், காமராவை மறைக்கிறேன் என்று வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு நேரலையில் காட்டப் படம் எடுக்க வந்த பொடியன் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னான். மனிதரைப் பிரிக்கத்தானா இந்த வலைப்பின்னல்?

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
உவர்மலை, திருகோணமலை

அன்பின் சேர்,

துணி மூடிய அந்தக் கம்பியூட்டர் வேகமான தட்டச்சுப் பொறி, அவ்வளவுதான். வினாத்தாள் அடித்தது, ஊர் வழக்கம் எதையும் தொடவில்லை. அதுவரை உங்களோடு ஒத்துப்போகிறேன். ஆனால் வலைப்பின்னல் மனிதரைப் பிரித்துவிட்டது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அது மாற்றியது, ஒரு வீட்டுச் சேதி யாருக்கு முதலில் தெரியும் என்பதை.

நீங்கள் படிப்பித்த காலத்தில் ஓ.எல் (சாதாரண தரப் பரீட்சை) பெறுபேறு தாளில் அதிபரிடம் வரும். பிள்ளை அங்கே போய்ப் பார்க்கும். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்க, உவர்மலை ஏற்றம் முடியும்வரை நேரம் இருந்தது. இப்போது பரீட்சைத் திணைக்களத்தின் தளத்தில் சுட்டெண்ணை அடித்தால் போதும். அந்த எண்ணை அம்மாவே டொரொன்டோ மாமாவுக்கு முன்கூட்டி அனுப்பியிருப்பா. எல்லோரும் ஒரே நேரத்தில் மோதுவதால் இங்கே தளம் விழுந்து கிடக்கும். (1969 ஒக்டோபர் 29 அன்று லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ஸ்டான்போர்ட் ஆய்வு நிறுவனத்துக்கு இன்றைய இணையத்தின் முன்னோடி வலைப்பின்னலில் முதல் சேதியாக 'லொகின்' (LOGIN) என்று அனுப்பப் பார்த்தபோதே, எல், ஓ என்ற முதல் இரண்டு எழுத்துகள் போனதும் மறுமுனைக் கம்பியூட்டர் விழுந்துவிட்டது. பரம்பரைக் குணம்!) மாமாவுக்கு மட்டும் எப்படியோ திறந்துவிடும். "பரவாயில்லையடா, இன்னொருக்கா எடுக்கலாம்" என்று அவர் ஆறுதல் சொல்லும்போதுதான் தான் பெயில் என்பதே பிள்ளைக்குத் தெரியவருகிறது. இது கொடுமைதான்.

ஆனால் முன்பு மட்டும் வீட்டுச் சேதி வீட்டுக்குள்ளேயே இருந்ததா? காசு கொடுத்துப் போன் பேசும் கொமினிகேஷன் கடைகளை நினைத்துப் பாருங்கள். கட்டாரில் இருக்கும் கணவனோடு பேச வந்த பெண், ஒரு கண் மீட்டரில் இருக்க, பின்னால் காத்திருப்பவர்களின் காதுக்கு எட்டாமல், ஏன் காசு வரவில்லை என்று கேட்க வேண்டும். எட்டாமல் போனதே இல்லை. கடைக்காரருக்குத் தெரியாத குடும்பச் சண்டை ஊரில் இருந்ததா? இன்று அவள் கதவைச் சாத்திக்கொண்டு வட்ஸ்அப்பில் தாராளமாகச் சண்டை பிடிக்கலாம். அரசாங்கம் விட்டால், என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் நிறுத்தினார்களே.

செத்தவீட்டு விஷயத்துக்கு வருகிறேன். கூடப்பிறந்தவரைத் தள்ளி நிற்கச் சொன்னது மரியாதைக்கேடு, அதில் பேச்சில்லை. ஆனால் காமராவைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அகதி வழக்கு முடியாமல் வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட மகனுக்குத் தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க வேறு வழி என்ன? முன்பு வீடியோ கசெட் வரும்வரை காத்திருந்தார்கள். காமராவைத் தலைமாட்டுப் பக்கம் கொஞ்சம் உயர்த்தி வைத்தால், வாய்க்கரிசி போடுகிறவர்களுக்கு இடம் கிடைக்கும். 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கும் அதே பொடியன்தான் வரப்போகிறான் என்றால், மருமக்களிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.