ஒத்துக்கொள்ளாத உணவு – கடிதமும் பதிலும்

வணக்கம்.

எனக்குச் சில வருடங்களாக முடக்குவாதம். வாரம் ஒருமுறை, ஞாயிறு இரவு, மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை போடுகிறேன். கூடவே ஐ.பி.எஸ். என்கிற குடல் எரிச்சல் தொல்லையும் உண்டு. எது சாப்பிட்டாலும் வயிறு உப்பிக்கொள்கிறது, சில நாள் ஒரே குமட்டல். முதலில் பாலை விட்டேன். அப்புறம் கோதுமை, வெங்காயம், முட்டை, பருப்பு. இப்போது மிஞ்சியிருப்பது ஆறேழு பொருள்தான். ஒரு வருடத்தில் எட்டு கிலோ குறைந்துவிட்டேன். ஐ.ஜி.ஜி. ரத்தப் பரிசோதனையில் 40 உணவுகள் ஆகாது என்று வந்தது. ஒருமுறை நிலக்கடலை சாப்பிட்ட கால்மணி நேரத்தில் உதடு வீங்கியது. மூன்று நாள் பட்டினி இருந்துவிட்டு, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சாப்பிட்டுச் சோதிக்கலாமா? வீட்டில் எல்லாம் மனப்பிரமை என்கிறார்கள். ஒரு மாதக் குறிப்பை இணைத்திருக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நிலக்கடலையை வீட்டில் சோதிக்கவே சோதிக்காதீர்கள். ஒரு துளிகூட வேண்டாம். சாப்பிட்ட சில நிமிடங்களில், அதிகம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள், உதடு வீங்குவது, உடம்பெல்லாம் தடிப்பது, மூச்சு முட்டுவது எல்லாம் அலர்ஜியின் அடையாளங்கள். வயிறு உப்புவதோடு அதைச் சேர்க்க முடியாது. போன தடவை உதட்டோடு நின்றதால் அடுத்த தடவையும் அங்கேயே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அலர்ஜி மருத்துவரைப் பாருங்கள். சாப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும் என்றால் அவசர ஊசி தயாராக இருக்கும் இடத்தில், தன் கண்ணெதிரே செய்வார்.

பட்டினியும் வேண்டாம். எட்டு கிலோ இழந்த உடம்பு அது. பட்டினிக்குப் பிறகு எதைச் சாப்பிட்டாலும் வயிறு புரளலாம், அதிலிருந்து ஒன்றும் தெரியவராது. இவ்வளவு எடை குறைந்ததற்கு ஐ.பி.எஸ். மட்டுமே காரணம் என்று முடிவு கட்டிவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மலத்தில் ரத்தம், காய்ச்சல், ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுவலி இவற்றில் ஏதாவது இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

நான் மருத்துவன் இல்லை. நெடுநாளாகக் குடல் நோயோடு வாழ்கிறவன் என்ற முறையில் உங்கள் குறிப்பை நிதானமாகப் படித்தேன். குமட்டல் என்று எழுதியிருக்கும் நாட்கள் எல்லாமே திங்கட்கிழமைகள். ஒரு வாரம் முட்டை மேல் பழி விழுந்திருக்கிறது, அடுத்த வாரம் பருப்பு மேல். ஞாயிறு இரவு போட்ட மாத்திரை குறிப்பில் எங்குமே இல்லை. மெத்தோட்ரெக்ஸேட் போட்ட மறுநாள் குமட்டுவது பலருக்கும் நடப்பது. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் இந்தத் திங்கட்கிழமைகளைக் காட்டுங்கள். ஃபோலிக் அமிலத்தைச் சரிசெய்வது, மாத்திரையை ஊசியாக மாற்றுவது என்று அவர் கையில் வழிகள் உண்டு. இனி குறிப்பில் உணவோடு மருந்து, தூக்கம், மாதவிடாய், மூட்டுவலி ஏறிய நாள் எல்லாவற்றையும் எழுதுங்கள். உணவை மட்டும் எழுதினால் குற்றவாளியும் உணவாகத்தான் இருக்கும்.

நேரத்தையும் எழுதுங்கள். நாம் எப்போதும் கடைசியாகச் சாப்பிட்டதைத்தான் சந்தேகப்படுகிறோம். ஆனால் வெங்காயம், கோதுமை, பருப்பில் உள்ள சில மாவுச்சத்துகள் சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்கே நொதித்துத்தான் வாயுவாகின்றன. அதற்குப் பல மணி நேரம் ஆகும். இன்னொன்று, வயிற்றில் எது விழுந்தாலும் பெருங்குடல் அசைய ஆரம்பிக்கும். அது உடம்பின் இயல்பு. ஐ.பி.எஸ். உள்ளவர்களுக்கு அந்த அசைவே வலிக்கும். சாப்பிட்ட பத்தாவது நிமிடம் வயிறு கலக்கினால் தட்டில் இருந்ததுதான் காரணம் என்று ஆகிவிடாது.

அந்த 40 உணவுப் பட்டியலைத் தயவுசெய்து ஒதுக்கிவையுங்கள். ஐ.ஜி.ஜி. எதிர்பொருள் பெரும்பாலும் காட்டுவது, நீங்கள் அந்த உணவைச் சாப்பிட்டு வந்திருக்கிறீர்கள் என்பதைத்தான். ஐரோப்பிய அலர்ஜி மருத்துவர்களின் அகாடமி 2008லேயே இந்தப் பரிசோதனை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. இப்படி ஒரு பட்டியலைக் கையில் கொடுத்து நோயாளிகளைப் பயமுறுத்துவது எனக்குக் கோபம் தருகிறது.

குடலில் நொதித்து வாயுவாகும் அந்த மாவுச்சத்துகளைக் குறைப்பதுதான் லோ ஃபாட்மேப் முறை, மெல்போர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவானது. அதில் உணவுகளை விலக்கி வைப்பது 2 முதல் 6 வாரம் மட்டுமே. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும். நீங்கள் முதல் பாதியிலேயே ஒரு வருடமாக நின்றுவிட்டீர்கள். திரும்பச் சாப்பிட்டுப் பார்க்காதவரை எது ஒத்துக்கொள்ளவில்லை என்று உங்களுக்குத் தெரியாது. ஒரு நேரத்தில் ஒரே உணவு, முதல் நாள் கொஞ்சம், மூன்று நாளில் வழக்கமான அளவு, பிறகு இரண்டு மூன்று நாள் இடைவெளி. மற்றதெல்லாம் மாறாமல் இருக்கட்டும். தொந்தரவு வந்தால் இன்னொரு முறையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், அளவைக் குறைத்தும் பாருங்கள். லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்களிலேயே பெரும்பாலோர் ஒரு டம்ளர் பாலை, அதாவது 12 கிராம் லாக்டோஸை, சாப்பாட்டோடு தாங்கிக்கொள்கிறார்கள்.

கோதுமைக்கு மட்டும் மருத்துவரைக் கேளுங்கள். கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் கெடுவது சீலியாக் நோய். அதற்கான ரத்தப் பரிசோதனை, கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் சரியாகக் காட்டும். தினம் ஒன்றுக்கு மேற்பட்ட வேளை, குறைந்தது 6 வாரம் சாப்பிட்டிருக்க வேண்டும்.

வீட்டில் சொல்வதைப் பற்றி. கோதுமை ஆகாது என்று நம்பிய ஐ.பி.எஸ். நோயாளிகளுக்கு, எதில் குளூட்டன் இருக்கிறது என்று சொல்லாமல் உணவு கொடுத்துப் பார்த்தார்கள், அதே மோனாஷ் ஆய்வாளர்கள். 2013இல் வெளிவந்தது. குளூட்டனே இல்லாத உணவிலும் அவர்களுக்கு வலி கூடியது. அந்த வலி நிஜம். பயந்து பயந்து சாப்பிடும்போது குடலும் இறுகுகிறது. இதை மனப்பிரமை என்று சொல்வது அநியாயம்.

முட்டையில் தொடங்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்கு இப்போது புரதம் தேவை, அதன் மேல் இருந்த ஒரே புகாரும் திங்கட்கிழமைக் குமட்டல்தான், வீக்கமோ தடிப்போ வந்ததாகக் குறிப்பில் இல்லை. மருத்துவர் சரி என்றால், மூட்டுவலி அடங்கியிருக்கும் ஒரு வாரத்தில், புதன்கிழமை அரை முட்டை சாப்பிட்டுப் பாருங்கள். என்ன ஆனது என்று எனக்கும் எழுதுங்கள்.