மாத்திரையை மோரில் கலந்து கொடுக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 20 வயது. பி.இ. இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான். ஹாஸ்டலில் எல்லாரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள், போன் வழியாக யாரோ கண்காணிக்கிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தான். ஆள் இல்லாதபோதும் குரல் கேட்டது. மனநல மருத்துவர் சைக்கோசிஸ் என்று சொல்லி மருந்து கொடுத்தார். இப்போது குரல் கேட்பதில்லை. ஆனால் பகலெல்லாம் தூங்குகிறான், குளிக்கக்கூடப் பலமுறை சொல்ல வேண்டியிருக்கிறது. "அதான் சரியாயிடுச்சே" என்று மாத்திரையைத் துப்பிவிடுகிறான். மோரில் கலந்து கொடுத்துவிடலாமா? அவன் அப்பா ஜூனில் காலேஜுக்கு அனுப்பச் சொல்கிறார். மாமியார் திருச்சி பக்கம் குணசீலம் பெருமாள் கோவிலில் ஒரு மண்டலம் தங்கவைக்கச் சொல்கிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.
– ஒரு தாய், நாமக்கல்

பதில்: மோரில் கலக்காதீர்கள் அம்மா. சுற்றியிருப்பவர்கள் தனக்குத் தெரியாமல் ஏதோ செய்கிறார்கள் என்பதுதான் உங்கள் மகனை வாட்டிய பயம். டம்ளர் அடியில் வெள்ளையாகப் பொடி தங்கியிருப்பதை ஒரு நாள் பார்த்துவிட்டால், அந்தப் பயம் உண்மையாகிவிடும், அதுவும் பெற்ற தாயின் கையால். அப்புறம் மாத்திரை மட்டுமில்லை, நீங்கள் போடும் சோற்றையும் தொடமாட்டான். சில மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது என்பது வேறு விஷயம்.

ஏன் துப்புகிறான் என்று கேட்டீர்களா? திட்டாமல், "இந்த மாத்திரையில உனக்கு என்னப்பா கஷ்டம்?" என்று கேளுங்கள். சரியாகிவிட்டது என்ற நினைப்பு ஒரு காரணம். பெரும்பாலும் அதற்குப் பின்னால் பக்கவிளைவு ஒன்று ஒளிந்திருக்கும். சிலருக்குக் கை நடுங்கும், உடம்பு விறைக்கும். சிலருக்கு ஓரிடத்தில் உட்காரவே முடியாது, கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே இருப்பார்கள். நோய் திரும்பிவிட்டது என்று வீட்டார் பதறுவார்கள். பல சமயம் அது மருந்தின் வேலை. அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ சரிசெய்யலாம். ஓலான்சபின் போன்றவை எடையைக் கூட்டும். எடை, சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் அவ்வப்போது பார்க்கச் சொல்லுங்கள். ரிஸ்பெரிடோன் போன்ற சில மருந்துகளால் மார்பு வீங்கலாம், பாலுறவுச் சிக்கல்கள் வரலாம். இருபது வயதுப் பையன் இதை அம்மாவிடம் சொல்லமாட்டான், பேசாமல் மாத்திரையை நிறுத்திவிடுவான். அதனால் அடுத்த முறை போகும்போது டாக்டரோடு அவன் தனியாகப் பேசட்டும், நீங்கள் வெளியே இருங்கள்.

முதல்முறை வந்த சைக்கோசிஸுக்கு, அறிகுறிகள் அடங்கிய பிறகும் ஒன்றிரண்டு வருடமாவது மருந்து தொடர வேண்டும் என்பதே பொதுவான மருத்துவ ஆலோசனை. திடீரென்று நிறுத்தினால் திரும்ப வரும் வாய்ப்பு மிக அதிகம். "ஆயுசுக்கும் சாப்பிடணுமா?" என்று அவன் கேட்டால், அது இன்னும் முடிவாகவில்லை என்பதுதான் நேர்மையான பதில். நிறுத்துவதாக இருந்தால் டாக்டர் படிப்படியாகக் குறைப்பார். தினமும் மாத்திரை விழுங்குவதுதான் தொல்லை என்றால், இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை போடும் ஊசிகளும் உண்டு. எதை எடுப்பது என்ற பேச்சில் அவனும் இருக்க வேண்டும்.

தூக்கத்தையும் மௌனத்தையும் சோம்பேறித்தனம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். குரல்கள் நின்ற பிறகும் உற்சாகம், கவனம், பேசும் ஆர்வம் திரும்பப் பல மாதங்கள் பிடிக்கும். மருந்தும் தூக்கத்தைத் தரும். இன்னொன்றும் இருக்கலாம். தெளிவு வந்த பிறகுதான் ஹாஸ்டலில் தான் நடந்துகொண்டது அவனுக்கு நினைவு வரும், வெட்கம் பிடுங்கித் தின்னும். இந்தக் கட்டத்தில் மனச்சோர்வு வருவது சகஜம், தற்கொலை எண்ணமும் வரலாம். "செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றால் அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போங்கள், தனியே விடாதீர்கள், மாத்திரைகளையும் வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அதையும் பூட்டிவையுங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

1950களில் தொடங்கி லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற ஆய்வாளர், மனநல மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களைத் தொடர்ந்து கவனித்தார். ஓயாமல் குறைசொல்லும் வீடுகளிலும், அளவு மீறிப் பொத்திப் பொத்திப் பார்க்கும் வீடுகளிலும் நோய் அதிகமாகத் திரும்பியது. பின்னர் சண்டிகரில் இதே மாதிரி ஆராய்ந்தபோது, அத்தகைய வீடுகள் லண்டனைவிடக் குறைவாகவே இருந்தன. நம் குடும்பங்களின் பலம் அது. ஆகவே பத்துமுறை "குளி" என்பதற்குப் பதில், "பதினொரு மணிக்குக் கடைக்குப் போறேன், வர்றியா?" என்று ஒருமுறை கேளுங்கள். வந்தால் சந்தோஷம், வராவிட்டால் நாளைக்கு மறுபடி கேளுங்கள். சந்தேகப் பேச்சு எப்போதாவது தலைகாட்டினால் வாதாட வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம். "எனக்கு அப்படித் தெரியலப்பா, ஆனா உனக்குப் பயமா இருக்குன்னு புரியுது" என்றால் போதும்.

இனி ஜூன். இப்போதுள்ள நிலையில் ஹாஸ்டலுக்கு அனுப்புவதை நான் ஏற்கமாட்டேன். அண்ணா பல்கலைக்கழக விதிகளில் அனுமதி பெற்றுப் படிப்பை இடைநிறுத்தி, பிறகு தொடர வழி இருக்கிறது. மருத்துவச் சான்றிதழோடு கல்லூரி முதல்வரைப் பாருங்கள். திரும்பும்போது முடிந்தால் வீட்டிலிருந்தே போய்வரட்டும். அரியர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. இரவு கண்விழித்துப் படிக்கக் கூடாது. கஞ்சா இந்த நோயைக் கிளறிவிடக்கூடும்; நண்பர்கள் வட்டத்தில் அது உண்டா என்று மிரட்டாமல் விசாரியுங்கள்.

குணசீலம் போகலாம். மாமியாரோடு சண்டை வேண்டாம், மாத்திரைப் பை கூடவே போகட்டும், அவ்வளவுதான். ஏர்வாடி தர்காவிலேயே 'தவா துவா' என்று பிரார்த்தனையோடு சேர்த்து அரசு மனநல மருத்துவமும் கிடைக்கிறது. மண்டலம் முடியும்வரை மருந்தே வேண்டாம் என்று யாராவது சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

நோய் திரும்ப வந்தால் பெரும்பாலும் முதலில் வந்த மாதிரியேதான் வரும். போன முறை ஆரம்பித்தபோது முதலில் என்ன மாறியது என்று அவனோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள்: தூக்கம் குறைந்ததா, போனை அணைத்துவைத்தானா, சாப்பாட்டை முகர்ந்து பார்த்தானா? அவற்றில் ஒன்று தெரிந்தாலும் யாருக்குப் போன் செய்ய வேண்டும், எந்த மருந்து தனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதை அவன் கையாலேயே எழுதட்டும். தனக்கு எந்த மாதிரி சிகிச்சை வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கவும், தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கவும் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அவனுக்கு உரிமை தருகிறது. அதை முறைப்படி எப்படிப் பதிவுசெய்வது என்று உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள்.