கீமோ நாட்களில் சாப்பாடு: கேள்வி பதில்

புற்றுநோய்ப் பிரிவில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். நீங்கள் அனுப்பிய கேள்விகளில் அடிக்கடி வருபவற்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் மருத்துவர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

மேடம், அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். இரண்டாவது கீமோ முடிந்தது. முட்டை, மீன் எல்லாம் சூடு, மிளகு ரசமும் சோறும் போதும் என்கிறார் பாட்டி. சரியா?

போதாது. வாய், குடல், எலும்பு மஜ்ஜையில் வேகமாகப் பெருகும் நல்ல செல்களையும் கீமோ அடித்துவிடுகிறது. அவை மறுபடி வளரப் புரதம் வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை என்பது பொதுக் கணக்கு. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மாறும். அம்மா 50 கிலோ என்றால் நாளுக்கு 60 கிராமாவது வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது, ரசம் சோற்றில் எவ்வளவு கிடைத்துவிடும்? நன்றாக வெந்த முட்டை, காரம் குறைத்த மீன் குழம்பு, கெட்டிப் பருப்பு, பன்னீர் எல்லாம் கொடுங்கள். மெல்ல முடியாத நாளில் கஞ்சியில் பொட்டுக்கடலை மாவும் பால் பவுடரும் கலந்து கொடுக்கலாம். எடை ரொம்ப இறங்கினால் அடுத்த கீமோவையே தள்ளிப்போட வேண்டி வரலாம். பாட்டியோடு சண்டை வேண்டாம். ரசமும் இருக்கட்டும், பக்கத்தில் முட்டையும் இருக்கட்டும்.

தாளிக்கிற வாசனைக்கே கணவருக்குக் குமட்டுகிறது.

சமைக்கும்போது அவர் தள்ளி இருக்கட்டும். ஆறிய சாப்பாட்டில் வாசனை குறைவு. இட்லி, அன்று செய்த தயிர்சாதம் இறங்கும். வாந்தி மாத்திரையை டாக்டர் சொன்ன நேரத்தில், பெரும்பாலும் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு, கொடுத்துவிடுங்கள். அவருக்கு ரொம்பப் பிடித்த பண்டத்தைக் கீமோ அன்று கொடுக்காதீர்கள். வாந்தியோடு சேர்ந்து மனதில் பதிந்துவிட்டால் அப்புறம் அதைப் பார்த்தாலே வெறுப்பு வரும்.

வாயில் எப்போதும் இரும்பு ருசி.

எவர்சில்வர் ஸ்பூனுக்குப் பதில் மர ஸ்பூன் வைத்துக்கொள்ளுங்கள். புதினா, எலுமிச்சை உதவும். ஆனால் வாய்ப்புண் இருந்தால் புளிப்பும் காரமும் கூடாது. உப்பும் ஆப்பச் சோடாவும் கரைத்த தண்ணீரில் கொப்பளியுங்கள்.

ரத்தம் உறைய உதவும் தட்டணு (பிளேட்லெட்) குறைந்துவிட்டது. பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். கீமோ போட்டு ஏறக்குறைய 7 முதல் 14 நாட்களுக்குள் கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்களும் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். அந்தச் சமயத்தில் பச்சையாக அரைத்த இலைச் சாறு, கடை ஜூஸ், வெட்டி வைத்த பழம், பழைய சோறு, நேற்றைய சட்னி எல்லாமே ஆபத்து. வாழைப்பழம், ஆரஞ்சு போல வீட்டில் கழுவித் தோலுரித்துத் தின்னும் பழம் கொடுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால் போட்டுக் காத்திருக்காதீர்கள். நடுராத்திரி ஆனாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

சர்க்கரை சாப்பிட்டால் கட்டி வளருமா?

சர்க்கரையை நிறுத்துவதால் கட்டி பட்டினி கிடக்காது. சோற்றையும் பழத்தையும் விட்டால் உடம்பு தசையைக் கரைத்துக் குளுக்கோஸ் செய்துகொள்ளும். நீரிழிவு உள்ளவர்கள் மட்டும் கவனமாக இருங்கள்; கீமோவோடு தரும் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து ரத்தச் சர்க்கரையை ஏற்றும்.

அப்பாவுக்கு ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து போட்டார்கள். தண்ணீர் குடித்தால் தொண்டையில் ஷாக் அடிக்கிறதாம்.

அந்த மருந்துக்குக் குளிர் ஆகாது. சில நாட்களுக்கு வெதுவெதுப்பான தண்ணீர்தான். மோர், பழம் எதுவானாலும் பிரிட்ஜிலிருந்து எடுத்துக் குளிர் போன பிறகு கொடுங்கள். பிரிட்ஜுக்குள் அவர் கையை விடவும் வேண்டாம். அடுத்த முறை போகும்போது இதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மூச்சுவிடவோ விழுங்கவோ சிரமம் என்றால் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.