கொல்லைப்புற ஃபீடரில் ஒரே ஒரு ஹம்மிங்பேர்ட் மற்ற எல்லாவற்றையும் விரட்டுகிறது, என்ன செய்வது?

நீங்கள் கலிஃபோர்னியாவில்தான் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு: ஹம்மிங்பேர்ட் என்பது அந்தரத்தில் நின்றபடி பூவில் தேன் குடிக்கும் குட்டிப் பறவை, ஃபீடர் அதற்குச் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றித் தொங்கவிடும் குப்பி. உங்கள் பறவை குளிர்காலத்திலும் போகாமல் இருக்கிறது, தலையும் தொண்டையும் ஒரு நேரம் கறுப்பாகவும் ஒரு நேரம் பளீர் ரோஸாகவும் தெரிகிறது என்கிறீர்கள். அப்படியானால் அது அன்னாஸ் ஹம்மிங்பேர்ட் என்கிற வகை, ஆண். அதன் குணத்தை மாற்ற முடியுமா என்று கேட்டால், முடியாது. நீங்கள் ஃபீடர் மாட்டியிருக்கும் இடத்தை மாற்றலாம். அதுதான் பதில். நேரம் இருந்தால் மீதியையும் படியுங்கள், ஏனென்றால் இந்த விஷயத்தில் நாங்கள் குடும்பத்தோடு பட்டிருக்கிறோம்.

சான் ஹோசேவில் எங்களுக்கு ஒரு சின்ன டவுன்ஹவுஸ். பின்னால் நாலு நாற்காலி போடுகிற அளவு இடம், ஓரத்தில் ஓர் எலுமிச்சை மரம். அப்பாவும் அம்மாவும் மன்னார்குடியிலிருந்து வந்திருந்தார்கள். அப்பா கூட்டுறவு சங்கத்தில் காலமெல்லாம் கணக்கு பார்த்தவர். இங்கே பகலில் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. பொழுது போகட்டுமே என்று ஒரு ஃபீடர் வாங்கி எலுமிச்சைக்குப் பக்கத்தில் மாட்டினேன்.

சீக்கிரமே ஓர் ஆண் வந்து மரத்தின் உச்சிக் குச்சியைப் பிடித்துக்கொண்டது. பாதி நேரம் குடிக்கக்கூடக் குடிக்காது, சும்மா உட்கார்ந்து நாலா பக்கமும் பார்த்துக்கொண்டே இருக்கும். இன்னொன்று வந்து ஃபீடரில் மூக்கை வைக்க வேண்டியதுதான் தாமதம், வைதுகொண்டே பாயும். பெரும்பாலும் வருவது பச்சை முதுகும் சாம்பல் வயிறுமாக இருக்கும் பெண் பறவைகள். பாவம், ஒரு வாய் குடிப்பதற்குள் வேலி தாண்டி ஓட வேண்டியதுதான். அப்பா அதற்கு மிராசு என்று பேர் வைத்துவிட்டார். "ஏண்டா, அது என்ன அவன் அப்பன் சொத்தா? சர்க்கரை நம்ம வீட்டுச் சர்க்கரைடா!" என்று தினமும் சத்தம் போடுவார். பக்கத்து வீட்டுக்காரர் என்னிடம் வந்து, எல்லாம் சரியா என்று விசாரித்தார்.

ஒரு நாள் அப்பா சிவப்புத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தார். மிராசு நேராக அவர் மூக்குக்கு எதிரே வந்து அந்தரத்தில் நின்றது. துண்டை இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை சோதித்துவிட்டுத்தான் போனது. சிவப்பு என்றால் பூவாக இருக்குமோ என்று வந்து பார்க்கும், அவ்வளவுதான். அப்பா அசையவே இல்லை. "ஆடிட் முடிஞ்சுது" என்றார்.

டிசம்பர், ஜனவரி வந்தால் இனப்பெருக்கக் காலம் தொடங்கிவிடும், அப்போது இன்னும் மோசம். முப்பது நாற்பது மீட்டர் உயரத்துக்கு ஏறி, அங்கிருந்து தலைகீழாகப் பாய்ந்து, நம் தலைக்கு மேலே வளைந்து திரும்பும். திரும்புகிற அந்த நொடியில் 'கீச்' என்று ஒரு சத்தம். கத்துகிறது என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். அது வால் இறகு காற்றில் அதிர்வதால் வரும் சத்தம் என்று பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் காட்டியிருக்கிறார்கள். பெண்ணைக் கவரவும் இதே பாய்ச்சல், ஆளை மிரட்டவும் இதே பாய்ச்சல்.

இவ்வளவு திமிர் ஏன்? அதன் எடை நாலு கிராம் சொச்சம், இங்கே புழங்கும் ஐந்து சென்ட் நாணயத்தைவிடக் குறைவு. சிறகை நொடிக்கு நாற்பது ஐம்பது தடவை அடிக்கிற உடம்பு அது, சாப்பாடு தள்ளிப்போனால் தாங்காது. குளிர் இரவுகளில் உடம்புச் சூட்டையே இறக்கி, கிட்டத்தட்ட மரத்துப்போய் இருந்துதான் காலைவரை தாக்குப்பிடிக்கும். காட்டில் ஒரு பூவைக் குடித்து முடித்தால் அதில் மறுபடி தேன் ஊற நேரமாகும். நாலு பேர் குடித்துவிட்டுப் போனால் தனக்கு ஒன்றும் மிஞ்சாது. அதனால் பூப்புதரைக் காவல் காக்கிற பறவைதான் பிழைக்கும். நம் ஃபீடர் வற்றாது, வற்றினால் ஊற்ற நாம் இருக்கிறோம் என்பது அதற்கு எப்படித் தெரியும்?

பெண் பறவைகள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்த இடமும் உண்டு. பனாமாவில் வெள்ளைக்கழுத்து ஜாகோபின் என்று ஒரு வகை. அதில் பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று ஆணின் பகட்டு நிறத்திலேயே இருக்கிறது. அப்படி இருப்பவற்றை மற்றவை அவ்வளவாகத் துரத்துவதில்லை, அதனால் அவை ஃபீடரில் கூடுதல் நேரம் குடிக்கின்றன என்று 2021-இல் ஒரு ஆய்வு வந்தது. இதைச் சொன்னபோது அம்மா, "பேண்ட் சட்டை போட்டாத்தான் பஸ்ஸுல இடம் கிடைக்கும்ங்கிற கதைதான் அங்கயும்" என்றார்.

சரி, வழிக்கு வருகிறேன். "பேசாம பாகம் பிரிச்சுடு" என்று சொன்னது அப்பாதான். இரண்டாவது ஃபீடரை வாசல் பக்கம் மாட்டினோம். மிராசு உட்காரும் குச்சியிலிருந்து பார்த்தால் அது தெரியாது, அதுதான் முக்கியம். பத்தடி தள்ளி, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மாட்டினால் இரண்டையும் சேர்த்தே அது ஆளும். வாசலிலும் கொஞ்ச நாளில் இன்னோர் ஆண் முளைத்தது, உண்மைதான். ஆனால் ஏதாவது ஒரு பக்கம் எப்போதும் கொஞ்ச நேரம் காலியாக இருக்கும். பெண்கள் அந்த நேரத்தில் குடித்துவிட்டுப் போகக் கற்றுக்கொண்டன.

வாசலில் மாட்டியதுக்கு ஹெச்ஓஏவிலிருந்து, அதாவது எங்கள் குடியிருப்புச் சங்கத்திலிருந்து, கடிதம் வந்தது, எறும்பு வருகிறதாம். அதே கவரில் அம்மா போட்ட கோலத்துக்கும் ஒரு கடிதம், பொது நடைபாதையில் கறையாம். அரிசி மாவு ஐயா அது, காற்றடித்தால் போய்விடும். எதிர்வீட்டில் அக்டோபர் முழுக்க வாசல் தூணில் எலும்புக்கூடு தொங்கும், நவம்பரிலும் தொங்கும், அதற்கு ஒரு கடிதமும் கிடையாது. மாதச் சந்தா மட்டும் வருஷம் தவறாமல் ஏறும். கேட்டால் விதிமுறைப் புத்தகத்தைப் படியுங்கள் என்பார்கள். படித்தேன், அதில் எலும்புக்கூடும் இல்லை, கோலமும் இல்லை. விடுங்கள், நீங்கள் கேட்டது இது அல்ல. ஃபீடருக்கு மேலே தண்ணீர் ஊற்றி வைக்கும் சின்னக் கிண்ணம் ஒன்று கிடைக்கிறது, மாட்டுங்கள், எறும்பு இறங்காது.

உங்களுக்கு ஒரே பக்கம்தான் இடம் இருக்கிறது என்றால் இதற்கு நேர் எதிராகச் செய்யுங்கள். மூன்று நான்கு ஃபீடரை நெருக்கமாக மாட்டுங்கள். கூட்டம் சேர்ந்துவிட்டால் விரட்டுவதில் செலவாகும் தெம்பு குடிப்பதில் கிடைப்பதைவிட அதிகமாகிவிடும், அதுவே ஓய்ந்துவிடும். அரிசோனாவில் மடேரா கேன்யன் போன்ற இடங்களில் வரிசையாக ஃபீடர் தொங்கும். அங்கே சண்டை போட்டுக்கொண்டேதான், ஆனால் எல்லாமே குடிக்கின்றன.

இங்கே கமெண்டில் சிலர் வருவார்கள், தெரியும். சர்க்கரைத் தண்ணி கொடுத்துப் பறவையைச் சோம்பேறியாக்குகிறாய் என்பார்கள். இவை பூச்சியும் சிலந்தியும் பிடித்துத் தின்கிற பறவைகள், ஃபீடர் இருந்தாலும் அந்த வேலையை விடுவதில்லை. கெடுதல் என்றால் அழுக்கு ஃபீடர்தான். வெயில் நாளில் இரண்டு நாளைக்கு ஒரு தடவையாவது கழுவி மாற்ற முடியாதவர்கள் மாட்டவே வேண்டாம். ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரை, நாலு பங்கு தண்ணீர், வேறு எதுவும் வேண்டாம். சிவப்புச் சாயம் வேண்டாம், தேன் வேண்டாம், புளித்துப் பூஞ்சை பிடிக்கும். அம்மா, "நமக்கே வெள்ளைச் சர்க்கரை ஆகாதுங்கிறாங்க, அதுக்கு நாட்டுச்சர்க்கரை குடேன்" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். கூடாது. நாட்டுச்சர்க்கரையிலும் கருப்பட்டியிலும் இரும்புச்சத்து உண்டு, நமக்கு நல்லதாக இருக்கலாம், இந்த உடம்புக்கு ஆகாது.

கடைசியாக, அதைப் பிடித்து வேறு எங்காவது கொண்டுபோய் விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். வலசைப் பறவைகளுக்கான 1918-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஹம்மிங்பேர்டும் வருகிறது, அனுமதி இல்லாமல் பிடிப்பதே குற்றம். அப்படியே பிடித்தாலும், அந்தக் குச்சி காலியானது தெரிந்தால் அடுத்த ஆண் வந்து உட்கார்ந்துகொள்ளும்.